காரியவட்டம் போகும் சாலை

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் பேருந்து களியக்காவிளையில் எல்லையைக் கடந்து, பாறசாலை, நெய்யாற்றின்கரை தாண்டி பாலராமபுரத்தில் நெரிசலுக்குள் நுழையும். சாலையின் இருபுறமும் கசவு வேட்டிகளும் முண்டுகளும் தொங்கும் கைத்தறிக் கடைகள். திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மா காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து குடியமர்த்தப்பட்ட சாலியர்களின் வழிவந்த ஊர் இது. பெரும்பாலான பயணிகள் இங்கே இறங்குவதில்லை. பத்மநாபசுவாமி கோயிலோ கோவளமோ அவர்களுக்காகக் காத்திருக்கிறது. ஆனால் ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியரின் வாழ்க்கையைப் பின்தொடர்ந்து இந்த நகரத்துக்கு வருகிறவர் இங்கே இறங்கி, உள்ளே போகும் கிளைச்சாலையில் ஊரூட்டம்பலம் வரை போய்வருவது நல்லது.

அங்கே ஓர் அரசுப் பள்ளி இருக்கிறது. வெங்ஙானூரில் 1863ஆம் ஆண்டு பிறந்த சமூகப் போராளி அய்யன்காளி, பஞ்சமி என்ற புலையர் வீட்டுச் சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறிய பள்ளி அது. தாழ்த்தப்பட்ட பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற அரசாணை 1910இலேயே வந்துவிட்டது. ஆணை வந்ததே தவிர, கதவு திறக்கவில்லை. திறக்க வைத்தபோது பள்ளிக்கே தீ வைத்தார்கள். எரிந்து மிஞ்சிய பெஞ்சு ஒன்றை இன்றும் அங்கே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். 2022இல் பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவருடைய பெயரும் சூட்டப்பட்டது. பள்ளியில் இடம் கேட்டு அய்யன்காளி நடத்தியது மனு கொடுக்கும் போராட்டம் மட்டுமல்ல. எங்கள் பிள்ளைகள் படிக்காவிட்டால் உங்கள் வயல்களில் வேலை நடக்காது என்று சொல்லி, கூலியாட்கள் வேலையை நிறுத்தினார்கள். படிப்புக்காக விவசாயத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தம்! உலகத் தொழிலாளர் வரலாற்றிலேயே இப்படி இன்னொன்றைக் காண்பது கடினம்.

இங்கிருந்து புறப்பட்டால்தான், நகரத்தின் மறுகோடியில் காரியவட்டம் வளாகத்தில் 27 ஆண்டுகள் பாடம் நடத்திய எம். குஞ்ஞாமன் எவ்வளவு நீண்ட வரிசையில் வந்தவர் என்பது புரியும்.

குஞ்ஞாமன் பொருளாதாரப் பேராசிரியர். ஆனால் அவர் எழுதியதையும் பேசியதையும் பார்த்தால், சமூகவியல் கேட்க வேண்டிய கேள்விகளைத்தான் வாழ்நாள் முழுக்கக் கேட்டிருக்கிறார்: சொத்து யாரிடம் இருக்கிறது, அது எப்படி அவர்களிடம் போனது, ஏன் சிலரிடம் எப்போதுமே வருவதில்லை. சாதியைப் பேசும்போது மனப்பான்மை, பழக்கவழக்கம் என்று சுற்றி வராமல் நேரே நிலத்துக்கும் பணத்துக்கும் வந்துவிடுவார்.

அவர் பிறந்தது இந்த நகரத்தில் அல்ல. பாலக்காடு மாவட்டத்தில் பட்டாம்பி அருகே வாடானாங்குறிச்சியில், 1949 டிசம்பர் 3 அன்று, சேரோணைக்கும் அய்யப்பனுக்கும் மகனாகப் பிறந்தார். சாதி பாணர். தமிழ் வாசகருக்கு இந்தப் பெயரைக் கேட்டதும் யாழோடு அரசவைக்குப் போன சங்க காலப் பாணர் நினைவுக்கு வருவது இயல்பு. அவர் ஊர்ப் பக்கத்து வள்ளுவநாட்டுப் பாணர்களும் பாட்டுக்காரர்கள்தான். விடியுமுன் வீடு வீடாகப் போய்த் துயிலுணர்த்துப் பாட்டு பாடியவர்கள். ஆனால் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒரு பாணர் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்தது என்ன என்பதை அவரே சொல்லியிருக்கிறார்.

பதினாலு வயதில், பசி தாங்காமல் ஊர் நிலக்கிழாரான ஜன்மியின் வீட்டுக்குக் கஞ்சி கேட்டுப் போகிறான் பையன். முற்றத்தில் மண்ணைக் குழித்து அதில் கஞ்சியை ஊற்றுகிறார்கள். அதே வேளையில் வீட்டு நாயையும் அவிழ்த்துவிடுகிறார்கள். நாய்க்கும் பசி. குழியருகே குனிந்திருந்த பையனைக் கடித்து விலக்கிவிட்டு அது கஞ்சியைக் குடிக்கிறது. நாயின் மேல் தனக்குக் கோபம் வரவில்லை என்றும், ஒரே கஞ்சிக்காக இரண்டு பசித்த உயிர்கள் போட்டியிட்டதாகவே அதைப் பார்த்ததாகவும் பிற்காலத்தில் அவர் சொன்னார். பள்ளியிலும் இதே கதைதான். ஆசிரியர் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார், சாதிப் பெயர்தான். என்னைக் குஞ்ஞாமன் என்று கூப்பிடுங்கள் என்று பையன் கேட்டதற்குக் கன்னத்தில் அறை விழுந்தது. புத்தகம் இல்லாமல் வந்தவனுக்கு, கஞ்சி குடிக்கத்தானே வந்தாய் என்ற ஏச்சும் கூடவே. அன்றோடு பள்ளிக் கஞ்சியை நிறுத்திவிட்டான். பசியோடு இருந்தாலும் சரி, படிக்கத்தான் வந்தேன் என்று காட்ட ஒரு குழந்தைக்கு வேறு வழி தெரியவில்லை.

அந்தப் பிள்ளை பாலக்காடு அரசு விக்டோரியா கல்லூரியில் படித்து, 1974இல் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தில் பொருளாதார எம்.ஏ. தேர்வில் முதலிடம் பெற்றார். கே.ஆர். நாராயணனுக்குப் பிறகு எம்.ஏ.வில் முதல் ரேங்க் பெற்ற கேரளத் தலித் என்று அவரைச் சொல்வார்கள். தங்கப் பதக்கம் வீட்டில் தங்கவில்லை. அடகுக்குப் போய், பிறகு விற்றும் தீர்ந்தது. வேலையும் உடனே வரவில்லை.

ஊரூட்டம்பலத்திலிருந்து திரும்பி, நகரத்தின் தம்பானூர் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் கண்ணில் படுவது செங்கல் நிறத்தில் சுழன்று மேலேறும் இந்தியன் காஃபி ஹவுஸ். உள்ளே தளம் என்று தனியாக ஏதும் இல்லை. சரிவிலேயே மேசைகள் ஒவ்வொன்றாக மேலே போகும். தலைப்பாகை கட்டிய பரிமாறுபவர்கள் கட்லெட்டும் காப்பியும் ஏந்தி அந்தச் சரிவில் ஏறி இறங்குகிறார்கள். கட்டியவர் லாரி பேக்கர். பர்மிங்காமில் பிறந்து, இந்த நகரத்தின் நாலாஞ்சிறையில் குடியிருந்து, 2007இல் இங்கேயே இறந்த கட்டடக் கலைஞர். அவருடைய பெயர் இந்தப் பயணத்தில் மறுபடியும் வரும்.

நகரப் பேருந்து ஸ்டாச்சு வழியாகத் தலைமைச் செயலகத்தைக் கடந்து பாளையத்துக்குப் போகிறது. வழியில் அய்யன்காளி ஹால். விக்டோரியா மகாராணியின் பொன்விழாவுக்காக 1896இல் எழுப்பிய மண்டபம். 2019இல் பெயர் மாறியது. சற்றுத் தள்ளி யூனிவர்சிட்டி கல்லூரி. மகாராஜா கல்லூரி என்று பெயர் இருந்த காலத்தில் ‘மனோன்மணீயம்’ எழுதிய சுந்தரம் பிள்ளை தத்துவம் கற்பித்த இடம் அது. பாளையத்திலேயே கேரளப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹாலும் அலுவலகங்களும். 1937இல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகமாகத் தொடங்கியது. கோயில் நுழைவுப் பிரகடனம் வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. துணைவேந்தர் திவான் சி.பி. ராமசாமி அய்யர். 1957இல் கேரளப் பல்கலைக்கழகம் என்று பெயர் மாறியது.

1943இல் உழவூரிலிருந்து வந்த ஒரு தலித் மாணவர் இங்கே ஆங்கில இலக்கியத்தில் முதலிடம் பெற்றார். விரிவுரையாளர் வேலை கேட்டார், கொடுக்கவில்லை. அந்த மாணவர் பிறகு டாடா உதவித்தொகையில் லண்டன் போய் ஹெரால்டு லாஸ்கியிடம் படித்து, தூதராகி, 1997இல் குடியரசுத் தலைவரானார். கே.ஆர். நாராயணனின் இந்த ஏற்றத்தைத்தான் நாம் பள்ளிப் பாடத்தில் கொண்டாடுகிறோம். மறுக்கப்பட்ட வேலையைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. ஏனென்றால் ஒருவர் ராஷ்டிரபதி பவனுக்குப் போனபின், அவருக்குக் கிடைக்காத விரிவுரையாளர் நாற்காலி சின்ன விஷயமாகத் தெரிகிறது. அப்படி ஏறிப்போக முடியாதவர்களுக்கு அந்த நாற்காலிதான் எல்லாம். முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 1979இல், குஞ்ஞாமன் இதே பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் பணிக்கு வந்தபோதும் கதை ரொம்ப மாறிவிடவில்லை. தேர்வில் முதலிடம் அவருக்குத்தான். ஆனால் இருந்தது பொதுப் பணியிடம். இடஒதுக்கீட்டு இடம் இல்லை. பிறகு கூடுதலாக ஒரு பணியிடம் உருவாக்கித்தான் அவரை நியமித்தார்கள். முதலிடம் பெற்றவருக்குப் பொது வாசல் வழியாக உள்ளே வர இடமில்லை என்பதை எந்த விளக்கத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

இடையில் அவர் படித்த இடத்துக்குப் போக, பாளையத்திலிருந்து பட்டம், கேசவதாசபுரம் வழியாக உள்ளூர் என்ற இடத்துக்கு வர வேண்டும். அங்கிருந்து பிரசாந்த் நகர் மேட்டில் ஏறினால் சென்டர் ஃபார் டெவலப்மென்ட் ஸ்டடீஸ். ஊர்க்காரர்கள் வாயில் சி.டி.எஸ். இதுவும் பேக்கர் கட்டியது. இருந்த மரங்களை வெட்டாமல் அவற்றைச் சுற்றி வளைந்து போகும் சுவர்கள். செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய ஜாலிகள். நடுவில் உருண்டையாக உயர்ந்து நிற்கும் நூலகக் கோபுரம். மதிய வெயில் அந்தச் செங்கல் இடைவெளிகளில் புகுந்து தரையில் சின்னச் சின்னச் சதுரங்களாக விழுகிறது. விசிறி ஓடாவிட்டாலும் உட்கார்ந்து படிக்க முடிகிற இடம்.

முதலாவது ஐந்தாண்டுத் திட்டத்தை வரைந்த குழுவில் இளைஞராக இருந்தவரும் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவருமான கே.என். ராஜ், முதலமைச்சர் அச்சுத மேனனின் ஆதரவோடு 1970களின் தொடக்கத்தில் உருவாக்கிய நிறுவனம் இது. 1975இல் ஐக்கிய நாடுகள் சபைக்காக இந்த மேட்டில் இருந்துதான் கேரளம் பற்றிய புகழ்பெற்ற ஆய்வு போனது. வருமானம் குறைவாக இருந்தும் படிப்பிலும் ஆரோக்கியத்திலும் ஆயுளிலும் முன்னேறிய மாநிலம் என்று உலகம் கேரளத்தைப் பார்க்கத் தொடங்கியது அதன் பிறகுதான். ‘கேரள மாதிரி’ என்ற பேச்சு அங்கிருந்து கிளம்பியது.

குஞ்ஞாமன் எம்.பில். படிக்க வந்தது இங்கேதான். உலகமே கேரளத்தை மெச்சத் தொடங்கிய கட்டடத்துக்குள் உட்கார்ந்து, அந்தக் கணக்கில் விடுபட்டவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தார். ராஜ் மீது அவருக்குப் பெரும் மரியாதை இருந்தது, வாதமும் இருந்தது. ஒருமுறை ராஜிடமே அவர் சொன்னதாகப் பலரும் நினைவுகூரும் பேச்சு ஒன்றுண்டு: நான் பிறந்த இடத்தில் நீங்கள் பிறந்திருந்தால் பள்ளிக்கூடத்தையே தாண்டியிருக்க மாட்டீர்கள், நீங்கள் பிறந்த இடத்தில் நான் பிறந்திருந்தால் நோபல் பரிசே வாங்கியிருப்பேன் என்ற பொருள்பட. ஆசிரியரிடம் இப்படிப் பேச முடிந்தது மாணவருக்குப் பெருமை. கேட்டுக்கொண்டது ஆசிரியருக்கும் பெருமை.

அவர் எடுத்துக்கொண்ட பொருள் கேரளத்தின் பழங்குடிப் பொருளாதாரம். எல்லாப் பழங்குடிகளையும் ஒரே கூடையில் போட்டு ‘பின்தங்கியவர்கள்’ என்று முடித்துவிடவில்லை. வட்டாரத்தை வட்டாரத்தோடு ஒப்பிட்டார். தெற்கே திருவிதாங்கூரில் பழங்குடிகளுக்கு நிலத்தின் மேல் ஓரளவு உரிமை இருந்தது. அவர்கள் தங்களுக்கென்று பயிர் செய்தார்கள். வடக்கே மலபாரில், குறிப்பாக வயநாட்டில், நிலம் ஜன்மிகளுடையது. பணியர் போன்றோர் அந்த நிலத்தோடு சேர்த்துக் கட்டப்பட்ட அடிமைக் கூலிகள். வள்ளியூர்க்காவு திருவிழாவில் ஆண்டுக்கொருமுறை ‘நில்ப்புப் பணம்’ கொடுத்து அடுத்த ஆண்டுக்கு ஆள் பிடித்த வழக்கத்தை வயநாட்டில் வயதானவர்கள் இன்றும் சொல்வார்கள். ஆகவே இரு வட்டாரத்துப் பழங்குடிகளின் வறுமையும் ஒன்றல்ல. பழங்குடி ‘குணம்’ என்று எதையும் காரணம் காட்டவும் முடியாது. நிலம் இருந்ததா இல்லையா என்பதே வேறுபாடு. 1982இல் வந்த அவருடைய நூலும் பழங்குடிப் பொருளாதாரத்தைப் பற்றியதுதான்.

இந்தப் பார்வையை அவர் தலித்துகளுக்கும் நீட்டினார். கேரளத்தின் பெரிய சாதனையாகச் சொல்லப்படும் நிலச்சீர்திருத்தம் 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. குத்தகைதாரர் நிலத்துக்குச் சொந்தக்காரரானார். ஆனால் வயலில் இறங்கி உழைத்தவர் குத்தகைதாரர் அல்ல, கூலி. அவருக்குக் கிடைத்தது குடிசை நின்ற இடம் மட்டும்: பஞ்சாயத்தில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட், மாநகரத்தில் 3 சென்ட். அதில் வீடு கட்டலாம்; விவசாயம் பண்ண முடியாது. அந்தத் துண்டு நிலங்களும் காலனிகளுமே பிள்ளை, பேரன் காலம் வரை நீண்டன. இறந்தவரைப் புதைக்க இடமில்லாமல் அடுக்களைத் தரையைத் தோண்டிய குடும்பங்களின் செய்தி கேரள நாளிதழ்களில் வந்திருக்கிறது. குஞ்ஞாமன் இதைச் சலிக்காமல் சொன்னார்: ரேஷனும் ஓய்வூதியமும் உயிரைக் காக்கும், ஆனால் சொத்து இல்லாதவன் யாரோடும் பேரம் பேச முடியாது. இடதுசாரிகளுக்கும் இது பிடிக்கவில்லை, மற்றவர்களுக்கும் பிடிக்கவில்லை. ஆனால் மறுக்க யாருக்கும் புள்ளிவிவரம் கிடைக்கவில்லை.

உள்ளூரிலிருந்து பொங்குமூடு தாண்டினால் ஸ்ரீகாரியம். அவர் வீடு இருந்த பகுதி. இந்தச் சின்னச் சந்திப்புக்கு ஒரு விசேஷம் உண்டு: 1963இல் தொடங்கிய இரண்டு நிறுவனங்கள் இங்கே இருக்கின்றன. ஒன்று சேசு சபையாரின் லயோலா சமூக அறிவியல் கல்லூரி. சமூகவியலும் சமூகப்பணியும் படித்த பல தலைமுறை மாணவர்கள் இங்கிருந்து போயிருக்கிறார்கள். மற்றது மத்தியக் கிழங்கு ஆராய்ச்சி நிலையம். மரவள்ளிக் கிழங்கைத் திருவிதாங்கூரில் பரப்பியவர் 1880களின் தொடக்கத்தில் ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது ஏழைகளின் வயிற்றைக் காத்தது அந்தக் கிழங்குதான். இன்று சந்திப்பில் இருக்கும் கடைகளில் கப்பை எனப்படும் அந்தக் கிழங்கும் மீன்கறியும் விருப்பப் பதார்த்தம். வேகவைத்து, தேங்காயும் பச்சை மிளகாயும் மஞ்சளும் சேர்த்துக் குழைத்த கப்பையின் மேல் சிவந்த குடம்புளி மீன்கறியை ஊற்றித் தருகிறார்கள். காரம் கண்ணில் நீர் வரவழைக்கும். ருசியும் அப்படித்தான்.

அங்கிருந்து சாவடிமுக்கு, பாங்ஙப்பாறை, பிறகு காரியவட்டம். வாசலைத் தாண்டியதும் நகரம் சட்டென்று பின்வாங்கி, மரங்கள் தொடங்குகின்றன. துறைக்குத் துறை நடக்கத் தூரம் அதிகம். தமிழருக்கு இந்த வளாகம் புதிதல்ல. திருவிதாங்கூர் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைக்கு அழகப்பச் செட்டியார் நன்கொடை கொடுத்தார். வையாபுரிப் பிள்ளை அந்தத் துறையில் பேராசிரியராக இருந்தார். வடசேரிக்காரரான வ.அய். சுப்பிரமணியம் மொழியியல் துறையை இங்கே வளர்த்துவிட்டுத்தான் 1981இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராகப் போனார். சமூகவியல், பொருளாதாரம், மொழியியல் என்று துறைகள் அக்கம்பக்கம் இருந்ததால், ஒரு துறையின் விவாதம் இன்னொரு துறையின் காதில் விழுந்த வளாகம்.

மாணவர்களுக்கு அவர் குஞ்ஞாமன் சார். 1979 முதல் 2006 வரை இங்கே கற்பித்தார். நடுவே கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். மாநிலத் திட்டமிடலைப் பற்றியும், உலகமயத்தை விளிம்பிலிருந்து பார்த்தும் ஆங்கிலத்தில் நூல்கள் எழுதினார். ஏதாவது ஒரு கட்சியின் நிழலில் ஒதுங்கியிருந்தால் பல்கலைக்கழகப் பதவிகள் எளிதாக வந்திருக்கும். அவர் ஒதுங்கவில்லை. யாருடைய பட்டியலிலும் தன் பெயரைச் சேர்த்துக்கொள்ளாத பேராசிரியராகவே இருந்தார். பிராந்தியப் பல்கலைக்கழகங்களில் இது எவ்வளவு விலை கொடுக்க வேண்டிய பிடிவாதம் என்பது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும்.

பிறகு கேரளத்தை விட்டே போனார். மராத்வாடாவில், பவானி கோயிலுக்குப் பெயர்போன துல்ஜாப்பூரில், டாடா சமூக அறிவியல் கழகத்தின் வளாகத்தில் பேராசிரியரானார். சொந்த மாநிலம் முழுதாகப் பயன்படுத்திக்கொள்ளாத ஆசிரியரை, மழை குறைந்த மகாராஷ்டிரக் கிராமப்புற வளாகம் பயன்படுத்திக்கொண்டது. ஓய்வுபெற்றதும் மறுபடியும் ஸ்ரீகாரியம்.

2020இல் கே. கண்ணனின் துணையோடு தன் வாழ்க்கையை ‘எதிர்’ என்ற பெயரில் மலையாளத்தில் சொன்னார். அட்டையில், சேரோணைக்கும் அய்யப்பனுக்கும் மகனானவனின் வாழ்க்கைப் போராட்டம் என்ற துணைத்தலைப்பு இருக்கிறது. தாயின் பெயர் முதலில். கஞ்சிக்குழியும் நாயும் பள்ளியில் வாங்கிய அறையும் அதில்தான் வந்தன. கேரள சாகித்ய அகாடமி 2021ஆம் ஆண்டுக்கான தன்வரலாற்று விருதை அந்த நூலுக்கு அறிவித்தது. விருதுக்காக எழுதவில்லை என்று சொல்லி அவர் வாங்க மறுத்துவிட்டார். சிறுவயதில் மனதில் ஏறிய பயம் பேராசிரியரான பிறகும் இறங்கவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. சம்பளமும் பட்டமும் வந்தபின் சாதி போய்விடும் என்று நம்புகிறவர்கள் படிக்க வேண்டிய ஒப்புதல் அது. 2023 டிசம்பர் 3, அவருடைய 74ஆம் பிறந்தநாள், ஸ்ரீகாரியம் வீட்டில் இறந்து கிடந்தார்.

காரியவட்டத்திலிருந்து திரும்பும் பேருந்து மாலையில் மறுபடியும் தலைமைச் செயலகத்தின் முன்னால் மெல்ல ஊர்கிறது. வேலியோரம் எப்போதும் ஏதாவது ஒரு போராட்டப் பந்தல். 2001 ஆகஸ்ட் 30 அன்று இங்கே குடிசைகள் முளைத்தன. சி.கே. ஜானு தலைமையில் ஆதிவாசிகள் வந்து, செயலக வாசலில் குடில் கட்டி, சமைத்து, தூங்கி, 48 நாட்கள் இருந்தார்கள். கேட்டது ஒன்றுதான்: பயிரிட நிலம். அக்டோபர் 16 அன்று முதலமைச்சர் ஏ.கே. ஆண்டனியின் அரசு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. நிலமற்ற குடும்பங்களுக்கு ஓர் ஏக்கர் முதல் ஐந்து ஏக்கர் வரை என்று வாக்குறுதி. சொன்னபடி நடக்காததால் அவர்கள் முத்தங்கா காட்டுக்குள் நுழைந்து குடில் போட்டார்கள். 2003 பிப்ரவரி 19 அன்று போலீஸ் அவர்களை வெளியேற்றியபோது துப்பாக்கிச் சூடு நடந்தது. ஓர் ஆதிவாசியும் ஒரு போலீஸ்காரரும் இறந்தார்கள். முத்தங்கா இருப்பது வயநாட்டில். பழங்குடிகளில் பெரும்பாலோருக்கு அங்கே நிலமே சொந்தமாக இருந்ததில்லை என்பதை, உள்ளூர் மேட்டில் அந்தச் செங்கல் நூலகத்தில் படித்த ஆராய்ச்சி மாணவர் அதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்பே எழுதிக்கொடுத்திருந்தார்.